இருபத்தொரு புளியங்கொட்டை

எல்லாவற்றுக்கும் காரணம் மலிகா ரொட்டி சுற்றிக் கொடுத்த பழைய செய்தித்தாள்தான். பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்தில் சுவிட்ச்போர்டு பார்க்கும் அவள் புருஷன் மஜீது, மத்தியானம் ரொட்டியைத் தின்றுவிட்டுத் தாளைக் கசக்கி எறிவதற்கு முன் அதில் ஒரு கண் விட்டான். சீமையில் ஓர் அறை நிறைய இயந்திரம் ஒன்று செய்திருக்கிறார்களாம். நூறு பேர் ஒரு மாதம் உட்கார்ந்து போடும் கணக்கை அது ஒரு பொழுதில் போடுகிறதாம். இன்னும் கொஞ்ச காலத்தில் இயந்திரம் மனிதனைப் போலவே யோசிக்கும் என்று சில பண்டிதர்களும், ஒருக்காலும் யோசிக்காது என்று சிலரும் அங்கே வாதாடிக்கொண்டிருக்கிறார்களாம்.

அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்தவன் முகம் கழுவக்கூட இல்லை.

"மலிகா, நாமளும் ஒண்ணு பண்ணலாம்."

"இன்னா பண்றது?"

"யோசிக்கிற மெசினு."

மலிகா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தண்டையார்பேட்டையில் மின்விசிறி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றும் பட்டறையில் அவளுக்கு வேலை. காலையிலிருந்து கம்பி இழுத்து விரல்கள் காந்திக்கொண்டிருந்தன. "மொதல்ல நீ யோசி. அரிசி வாங்கியாறேன்னியே, எங்க?" என்றாள்.

ஆனால் மஜீது விடுகிற ஆள் இல்லை. மலிகாவின் தாய்மாமன் சௌக்கத் அலி, வண்ணாரப்பேட்டையில் யுத்தத்துக்குப் பிறகு பட்டாளத்தார் கழித்துப் போட்ட சாமான்களை வாங்கி விற்கிறவர். டிஸ்போசல் கடைக்காரர் என்றால் யாரும் வழி காட்டுவார்கள். ஓட்டைத் தகரப் பெட்டி முதல் டெலிபோன் எக்சேஞ்சில் சுற்றும் சக்கரம் வரை அவர் கடையில் மலை மலையாகக் கிடந்தது. மஜீது ஒவ்வொரு ஞாயிறும் அங்கே போனான். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மூட்டையோடு ராயபுரம் திரும்பினான். இரண்டே மாதத்தில் கல்மண்டபம் பக்கத்து அந்த ஒற்றை அறை வீட்டில் ஆள் நடக்க இடமில்லாமல் போயிற்று.

அவன் செய்தது ஓர் ஆட்டம் ஆடும் பலகை. ஆட்டம் ரொம்பச் சுலபம். இருபத்தொரு புளியங்கொட்டைகளைக் குவித்து வைக்க வேண்டும். இரண்டு பேர் மாறி மாறி எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுத்தவருக்கு வெற்றி. பலகையில் இருபத்தொரு வரிசைகள், வரிசைக்கு மூன்று துளைகள், ஒவ்வொரு துளையிலும் ஒரு பித்தளை முளை, முளைக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு. மனிதன் எடுத்த பிறகு எத்தனை கொட்டை மிச்சமோ, அந்த எண்ணுக்குக் குமிழைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினால், எக்சேஞ்ச் சக்கரம் கிர்ரென்று சுற்றி அந்த வரிசையில் ஏதோ ஒரு முளையில் போய் நிற்கும். முதல் முளை என்றால் இயந்திரம் ஒன்று எடுக்கிறது. இரண்டாவது என்றால் இரண்டு. மூன்றாவது என்றால் மூன்று. லாரி பாட்டரியில் ஓடிற்று.

முதல் ஞாயிறு மத்தியானம் சௌக்கத் அலி கடை வாசலில் அதைக் கொண்டுபோய் வைத்தான். கூட்டம் கூடிவிட்டது. இயந்திரம் பதினான்கு ஆட்டம் ஆடிப் பதினான்கிலும் தோற்றது. அதில் ஏழு ஆட்டம் காசிமேட்டு மீன்காரி குப்பம்மாவிடம். அவள் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மூக்குத்தி மின்ன மின்னச் சிரித்தாள்.

"இன்னா பாய், உன் மெசினு பச்சக் கொயந்த கணக்கா கீதே! இதுக்கா வூடு நெறைய கம்பி வாங்கிப் போட்ட?"

மஜீது பலகையைத் தோளில் சுமந்துகொண்டு வீடு திரும்பினான். வந்தும் சோறு இறங்கவில்லை அவனுக்கு. மலிகாவுக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏன் தோத்துச்சாம்?"

"சக்கரம் அது பாட்டுக்குச் சுத்தி எங்கியோ நிக்குது. எங்க நிக்கணும்னு நான் சொல்லிக் குடுக்கணும். எப்படி ஆடுனா ஜெயிக்கலாம்னு எனக்கே தெரியல, அதுக்கு நான் எத்த சொல்லிக் குடுக்கறது?"

மலிகா பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பட்டறையில் சேர்ந்த புதிதில் அவளுக்கும் யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. கம்பி சுற்றி மேஸ்திரியிடம் கொடுப்பாள். அவர் மின்சாரம் விட்டுப் பார்ப்பார். புகைந்தால் மேசைமேல் எறிவார், அவ்வளவுதான். கடைசியாக எந்த இடத்தில் இறுக்கிச் சுற்றினோம் என்று அவளே யோசித்து, அடுத்த தடவை அதை மட்டும் செய்யாமல் விடுவாள். அப்படியே மூன்று மாதத்தில் கை பழகிவிட்டது.

"இன்னாங்க, தோத்த ஆட்டத்துல கடைசியா எந்த மொளைல நின்னுச்சோ, அந்த மொளைய புடுங்கிட்டா?"

"புடுங்கிட்டா?"

"மறுபடி அந்தத் தப்ப பண்ண முடியாதில்ல?"

மஜீது நிமிர்ந்தான். "இப்படியே புடுங்கிகினே போனா ஒரு வரிசைல ஒண்ணுமே மிஞ்சாம பூடுமே? அப்ப சக்கரம் நிக்காம சுத்திகினே கெடக்கும்."

"கெடக்கட்டும். அந்த வரிசைக்கு வந்தா தோல்விதான்னு அதுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். அங்க வந்து மாட்டிக்கிற மாதிரி அதுக்கு முன்னாடி எத்த எடுத்துச்சோ, அந்த மொளைய புடுங்கு."

 மஜீது எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, அந்த வெயிலிலேயே பலகையைத் தூக்கிக்கொண்டு குப்பம்மாவைத் தேடிப் போனான்.

அன்று முதல் தினமும் ஆட்டம் நடந்தது. மீன் விற்றுத் தீர்ந்ததும் குப்பம்மா நேராக வருவாள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் வருவார்கள். இயந்திரம் தோற்கும்போதெல்லாம் மலிகா ஒரு முளையைப் பிடுங்கி டப்பாவில் போட்டு, எந்த வரிசை, எந்த முளை என்று ஒரு நோட்டில் எழுதினாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

முதல் பத்து நாள் இயந்திரம் தோற்றுக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒன்றிரண்டு ஜெயித்தது. மூன்றாம் வாரம் ஒரு வியாழக்கிழமை குப்பம்மாவைத் தொடர்ந்து நான்கு தடவை தோற்கடித்தது.

குப்பம்மா கூடையை விட்டு எழுந்தாள். பலகையைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் குனிந்து பார்த்தாள். கம்பிகளுக்குள் விரலை விட்டாள்.

"யாரு கீறது உள்ள? வெளிய வா!"

"யாரும் இல்ல குப்பம்மா. நீதான் கீற. இத்தினி நாளும் அத்த தோக்கடிச்சி தோக்கடிச்சி நீதான் வித்தைய கத்துக் குடுத்த" என்றாள் மலிகா.

குப்பம்மா இடுப்பில் கை வைத்து யோசித்தாள். கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று அவள் முகம் இரண்டு பக்கமும் இழுத்தது. கடைசியில் வாய்விட்டுச் சிரித்தாள். "அட கஸ்மாலம்! என்கிட்டயே கத்துகினு என்னியே கவுத்துட்ச்சே!" மறுநாள் சந்தை முழுக்க அதையே சொல்லிப் பெருமையடித்தாள்.

அந்த வாரக் கடைசியில்தான் மலிகாவுக்கு அது கண்ணில் பட்டது. வீட்டில் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சில வரிசைகள் முழுக்கக் காலியாக இருந்தன. நான்காவது, எட்டாவது, பன்னிரண்டாவது, பதினாறாவது. மற்ற எல்லா வரிசைகளிலும் ஒரு முளையாவது மிச்சமிருந்தது. நான்கு நான்காகத் தாண்டுகிறதே? அப்படியானால் இருபதாவதும் காலியாக இருக்க வேண்டும். ஆனால் அதில் மூன்று முளையும் அப்படியே நின்றன.

டப்பாவிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்துத் தரையில் பரப்பினாள். நான்கு நான்காகக் கூறு கட்டி வைத்தாள். ஒரு கூறிலிருந்து ஒன்று எடுத்துப் பார்த்தாள், மிச்சம் மூன்று. இரண்டு எடுத்தால் மிச்சம் இரண்டு. மூன்று எடுத்தால் ஒன்று. எதிராளி எதை எடுத்தாலும் அந்தக் கூறின் மிச்சத்தை நான் எடுத்துவிட்டால்? கடைசிக் கூறின் கடைசிக் கொட்டையும் என் கையில்தான்!

மலிகாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதுவரை அவளுக்குத் தெரிந்ததெல்லாம் படித்தது, கேட்டது, கை பழகியது. இது அப்படி இல்லை. இது யாரும் அவளிடம் சொன்னது இல்லை.

"என்னாங்க! இங்க வா! சீக்கிரம்!"

மஜீது சோப்பு நுரையோடு ஓடிவந்தான். இருபத்தொன்றில் அவள் முதல் ஆளாக ஒன்று எடுத்தாள், மிச்சம் இருபது. இயந்திரம் என்ன எடுத்தாலும் கூறை நிரப்பினாள். ஜெயித்தாள். மறுபடி ஆடினாள், மறுபடி ஜெயித்தாள். இதுவரை வந்தவர்கள் எல்லாரும் பேராசையில் மூன்று மூன்றாக எடுத்தே தொடங்கியதால் இயந்திரத்துக்கு இருபதைப் பற்றித் தெரியவே வாய்ப்பு வரவில்லை. சில ஆட்டங்களில் இருபதாவது வரிசையும் காலியாயிற்று. சக்கரம் நிற்காமல் கிர்ரென்று சுற்றியது. புருஷனும் பெண்டாட்டியும் அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் மாதிரி கைதட்டினார்கள்.

செய்தி டிராம் ஏறிப் போய், ஒரு கல்லூரிக் கணக்கு வாத்தியாரின் காதில் விழுந்தது. கருணாகரன் என்று பெயர். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருப்பார். ஒரு சனிக்கிழமை ராயபுரம் வந்து இறங்கினார். ஏதோ கண்கட்டு வித்தை என்றுதான் நினைத்து வந்திருந்தார், முகத்திலேயே தெரிந்தது.

"நாலின் மடங்கில் விட்டால் ஜெயிக்கலாம் என்பது கணக்குப் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். அதை நீங்கள் முன்னாடியே கம்பியில் கட்டி வைத்துவிட்டீர்கள், அப்படித்தானே?" என்றார் மஜீதிடம்.

"அய்யோ சார், எனக்கு அது தெரிஞ்சிருந்தா பதினாலு ஆட்டம் தோத்துட்டு சோறு எறங்காம ஏன் கெடக்குறேன்?"

மலிகா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நோட்டை எடுத்து நீட்டினாள். எந்தத் தேதி, எந்த ஆட்டம், யார் ஜெயித்தது, எந்த முளை போனது என்று வரிசையாக இருந்தது. கருணாகரன் நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தார். பிறகு உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். டீ ஆறிப்போயிற்று.

"யாருமே சொல்லித் தரவில்லை" என்றார் தமக்குத் தாமே. பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "அம்மா, ஒன்று கேட்கிறேன். விதியை மாற்றுவோம். ஒன்று, மூன்று, நான்கு, இவைதான் எடுக்கலாம். இரண்டு எடுக்கக் கூடாது. எந்த எண்ணில் விட்டால் ஜெயிக்கலாம்? எனக்கும் தெரியாது, இப்போதுதான் மனசில் வந்தது. உங்கள் பலகை கண்டுபிடிக்குமா?"

"ஆடிப் பாத்தா தெரிஞ்சிடும் சார்" என்றாள் மலிகா.

முளைகளை மாற்றிச் செருகி ஒரு வாரம் ஆடிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. புது விதி குப்பம்மாவுக்கே குழப்பமாக இருந்தது. மற்றவர்கள் தாறுமாறாக ஆடித் தோற்றார்கள். எதிராளி சரியாக ஆடாவிட்டால் இயந்திரத்தின் தப்பு வெளியே வராது. தப்பான முளை பிடுங்கப்படாமல் அப்படியே நிற்கும்.

"நல்லா ஆடுற ஆளு எங்க போறது?" என்று மஜீது தலையைச் சொறிந்தான்.

"இன்னொரு பலகை செய்யி" என்றாள் மலிகா. "ரெண்டையும் மோத விடு. எது தோத்தாலும் அந்த மொளைய ரெண்டு பலகைலயும் புடுங்கிடுவோம். ஒண்ணு படிச்சது ரெண்டுக்கும் ஆச்சு. ரெண்டும் சேந்தே வளரும்."

இதைக் கேட்டு சௌக்கத் அலி துள்ளினார். "என் மருமவ கேட்டா கடையவே தூக்கிக் குடுப்பேன்!" என்று இரண்டாவது சக்கரத்தைத் தாமே சுமந்து வந்து போட்டார்.

இரண்டு ஞாயிறு ஆட்டம் நடந்தது. காலையில் தொடங்கினால் வெயில் தாழும் வரை. ஒரு கொட்டையில் ஆரம்பித்து, இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். மஜீது குமிழைத் திருப்புவான், மலிகா கொட்டையை எடுப்பாள், முளையைப் பிடுங்குவாள், எழுதுவாள். சௌக்கத் அலி வாசலில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் விளக்கம் சொன்னார். குப்பம்மா வறுத்த நெத்திலி கொண்டுவந்து கொடுத்து, இரண்டு பலகைகளில் ஒன்றைத் தன் கட்சியாக வைத்துக்கொண்டு கத்தினாள்.

முடிவில் காலியான வரிசைகள்: இரண்டு, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு, பதினான்கு, பத்தொன்பது, இருபத்தொன்று. மலிகா அதைத் தபால் அட்டையில் எழுதிக் கருணாகரனுக்கு அனுப்பினாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தபோது கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "அஞ்சு நாளாகப் பார்க்கிறேன். இதில் ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை. ஐந்து, இரண்டு, மூன்று, இரண்டு, ஐந்து என்று தாண்டுகிறது. ஏன் என்று புரியவில்லை" என்றார்.

மஜீதின் முகம் விழுந்துவிட்டது. மலிகா கொட்டைகளைத் தரையில் வைத்தாள். காலியான வரிசை ஒவ்வொன்றையும் கையால் ஆடிப் பார்த்தாள். இரண்டு, சரி. ஏழு, சரி. ஒன்பது, சரி. பன்னிரண்டு. பன்னிரண்டிலிருந்து மூன்று எடுத்தாள். மிச்சத்தை எண்ணினாள். ஒன்பது.

"சார்! பன்னெண்டுல இருந்து மூணு எடுத்தா ஒம்பது. ஒம்பதுல மாட்டுறவன் தோப்பான்னு பலகையே சொல்லுது. அப்ப பன்னெண்டு ஜெயிக்கிற எடம்தான? அது எப்படி காலியாச்சு?"

நோட்டைப் புரட்டினாள். இரண்டாவது ஞாயிறு, குப்பம்மா நெத்திலி நீட்டிய நேரம். பதின்மூன்றாவது வரிசை, மூன்று எடுக்கும் முளை என்று நோட்டில் இருந்தது. பலகையில் போய்ப் பார்த்தால் பதின்மூன்றாவதில் அந்த முளை அசையாமல் நின்றது. பன்னிரண்டாவதில் போயிருந்தது. ஒரு வரிசை தள்ளிப் பிடுங்கியிருக்கிறாள். அதற்கு மேலே உள்ள எல்லாம் அந்த ஒரு தப்பின்மேல் கட்டியவை.

மலிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மெசினு பொய் சொல்லல சார். நான்தான் நெத்திலி வாசனைல அதுக்குப் பொய்ய சொல்லிக் குடுத்துட்டேன்."

கருணாகரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் சம்மணமிட்டார். பன்னிரண்டிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். இந்தத் தடவை வாத்தியாரே முளை பிடுங்கினார். மாலை நமாசுக்கு முன் முடிந்துவிட்டது. பன்னிரண்டில் ஒரு முளை கம்பீரமாக நின்றது. காலியானவை இரண்டு, ஏழு, ஒன்பது, பதினான்கு, பதினாறு, இருபத்தொன்று.

"ஏழு, பதினாலு, இருபத்தொண்ணு" என்று மலிகா விரல் வைத்தாள். "அப்புறம் அதுங்களோட ரெண்டு சேத்தா ஒம்பது, பதினாறு."

"ஏழு!" என்று கருணாகரன் தொடையில் தட்டினார். "ஏன் ஏழு? சொல்லுங்கள் பார்ப்போம், ஏன் ஏழு?"

"அவன் மூணு எடுத்தா நான் நாலு. அவன் நாலு எடுத்தா நான் மூணு. கூட்டுனா ஏழு!"

"ஒன்று எடுத்தால்?"

அங்கே இருவரும் தடுமாறினார்கள். கொட்டையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். ஏழில் அவன் ஒன்று எடுத்தால் மிச்சம் ஆறு, நான் நான்கு எடுத்தால் இரண்டில் விடுவேன், அதனால்தான் இரண்டும் கூட வருகிறது என்று மலிகா கண்டுபிடித்தபோது, வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். அவர் கண்ணாடியின் நூல் அறுந்து தொங்கியதை அவர் கவனிக்கவில்லை. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு மூன்று பேரும் சத்தம் போட்டார்கள்.

"எங்கே என்று பலகை காட்டியது. ஏன் என்று நாம் கண்டுபிடித்தோம்" என்றார் கருணாகரன். "அது காட்டியிராவிட்டால் இரண்டையும் ஏழையும் சேர்த்து யோசிக்க எனக்கு இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ!"

அடுத்த மாதம் கல்லூரியில் கணக்கு மாணவர்கள் முன்னால் அவர்கள் அதை ஆடிக் காட்டினார்கள். மஜீது இஸ்திரி போட்ட சட்டையில் விறைத்து நின்றான். பேசியது மலிகாதான். முதல் இரண்டு நிமிஷம் குரல் நடுங்கிற்று. பிறகு குப்பம்மா பலகைக்குப் பின்னால் ஆளைத் தேடிய கதையைச் சொன்னாள், மண்டபமே சிரித்தது, நடுக்கம் போய்விட்டது. பன்னிரண்டாவது வரிசையில் தான் செய்த தப்பையும் மறைக்காமல் சொன்னாள்.

ஒரு மாணவன் எழுந்து, "இது நிஜமாகவே யோசிக்கிறதா?" என்று கேட்டான்.

"தெரியலீங்க" என்றாள் மலிகா. "நான் யோசிக்கிறப்ப உள்ள இன்னா நடக்குதுன்னே எனக்குத் தெரியாது. ஆனா இதுக்கு இந்த ஒரு ஆட்டம்தான் தெரியும். வேற ஆட்டம் வெச்சா நாங்கதான் மொளைய மாத்திச் செருகணும்."

கூட்டம் கலைந்தபின் மூவரும் டிராமுக்காக நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் மலிகா நின்றாள்.

"சார், எந்த ஆட்டம் குடுத்தாலும் மொளைய தானே மாத்திச் செருகிக்கிற பலகை ஒண்ணு இருந்தா?"

கருணாகரனும் நின்றார். "எந்த ஆட்டமும்?"

"ஆட்டம் மட்டும் ஏன்? காய்ச்சலுக்கு எந்த மருந்து கேக்கும், புயலு எப்ப வரும், கடலுக்கு அடீல இன்னா கீது. எல்லாத்துலயும் தோத்து தோத்துத் தானே கத்துக்கிற பலகை."

"அதற்கு எத்தனை வரிசை வேண்டும் தெரியுமா அம்மா? இந்த ஊர் முழுக்கப் பலகை போட்டாலும் போதாது."

"போதாதுதான்" என்று மலிகா ஒப்புக்கொண்டாள். "ஆனா முடியாதுன்னு நீங்க சொல்லல."

வாத்தியார் அவளைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "சொல்லவில்லை" என்றார்.

டிராம் மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. இரண்டு பலகைகளோடு மஜீது படியில் மாட்டிக்கொள்ள, கண்டக்டர் இது என்ன சாமான், தனி டிக்கெட் ஆகும் என்று அதட்டினார். மலிகா அவருக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினாள். வண்ணாரப்பேட்டை வருவதற்குள் கண்டக்டர் மூன்று தடவை தோற்றிருந்தார். நான்காவது ஆட்டத்துக்குக் கொட்டைகளை மடியில் பரப்பிக்கொண்டு, இறங்க வேண்டியவர்களை எல்லாம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.